மறுபடியும் சிலந்தி

"சட்டைக் கையைச் சுருட்டு," என்றாள் ஷானா.

கோல்பி கையை மேசைக்கு அடியில் இழுத்துக்கொண்டான். ஆகஸ்ட் மாத வெயிலில் முழுக்கைச் சட்டை.

"ஒண்ணுமில்லக்கா. சிலந்தி கடிச்சிடுச்சு."

"மறுபடியும் சிலந்தியா?"

இரண்டு வருஷத்துக்கு முன்பும் தம்பி இதையேதான் சொன்னான். கடைசியில் அது போதை ஊசி குத்திய புண். வேலை போனது, மனைவி போனாள். பதினான்கு மாதமாக ஊசியைத் தொடவில்லை; இனியும் தொடுவதில்லை என்ற பேச்சில்தான் அவளுடைய வீட்டின் கீழறையில் இருக்கிறான். இன்னொரு தரம் ஏதாவது நடந்தால் இங்கே இடமில்லை என்று முதல் நாளே சொல்லியிருந்தாள்.

அவளே எழுந்து போய்ச் சட்டையைச் சுருட்டினாள். முழங்கை மடிப்புக்குக் கொஞ்சம் கீழே, கருநீலமாக ஒரு புண்.

"இடத்தைப் பாரு. சிலந்திக்கு நரம்பு தேடத் தெரியுமா?"

"அக்கா..."

"மூணு நாளா நீ தூங்கல. வேர்த்து வழியுது, கை நடுங்குது. எனக்கு இதெல்லாம் புதுசாடா?"

"நிஜமாவே சிலந்திதான்."

"சரி, டாக்டர்கிட்ட போவோம். அவர் சிலந்தின்னு சொன்னா வீட்டுக்கு வரலாம். இல்லேன்னா அங்கிருந்தே பஸ் ஏறிடு."

அவனுடைய பையை அவளே கட்டி வண்டியின் பின்னால் போட்டாள். கோல்பி தடுக்கவில்லை. ஐஸுக்குப் பதிலாக உறைந்த பட்டாணிப் பை ஒன்றை எடுத்துப் புண்மேல் வைத்து அழுத்தியபடி ஏறி உட்கார்ந்தான்.

டாக்டர் ஹாஃப்னர் இருவரையும் குழந்தைப் பருவத்திலிருந்தே அறிந்தவர். கோல்பியின் பழைய கதையும் தெரிந்தவர்.

"சிலந்தியா?" என்று கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். "இந்த மிசௌரியில முகப்பரு வந்தாக்கூட சிலந்தின்னுதான் என்கிட்ட வர்றாங்க. அதைப் பிடிச்சியா? நசுங்கியிருந்தாலும் பரவாயில்ல."

"இல்ல டாக்டர். பெட்டியில கிடந்த பழைய வேலைச் சட்டையை உதறாம போட்டுட்டேன். கைக்குள்ள இருந்திருக்கு. கழட்டறதுக்குள்ள ஓடிடுச்சு."

"எந்த நிறம்?"

"பழுப்பு. முதுகுல பிடில் மாதிரி ஒரு கறை."

"ஊருல பாதிச் சிலந்திக்கு முதுகுல ஏதாவது கறை இருக்கும். கண்ணைப் பார்க்கணும். மத்ததுக்கு எட்டு, இதுக்கு ஆறு. ரெண்டு ரெண்டா மூணு ஜோடி."

"எண்ணற வரைக்கும் அது நிக்கல டாக்டர்."

டாக்டர் சிரித்தார். ஷானா சிரிக்கவில்லை.

"ரொம்ப வலிக்குமே. ஏதாவது எழுதித் தரட்டுமா?"

"வேண்டாம். ஐஸ் போதும்."

எனக்காக நடிக்கிறான், என்று நினைத்துக்கொண்டாள் ஷானா.

டாக்டர் விளக்கைக் கிட்டே இழுத்தார். பூதக்கண்ணாடியால் பார்த்தார். விரலால் மெல்ல அழுத்தினார். கோல்பி உதட்டைக் கடித்தான். பிறகு அவர் இரண்டு கைகளையும் தோள்வரை தேடினார். காலணியைக் கழற்றச் சொல்லி விரலிடுக்கையும் பார்த்தார். என்ன தேடுகிறார் என்று மூவருக்குமே தெரியும்.

ஷானா சுவரில் தொங்கிய நாட்காட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஷானா, இங்க வா."

போனாள்.

"ஊசிப் புண்ணு சீழ் கட்டினா வீங்கி மேல எழும்பும். இது உள்ள குழிஞ்சிருக்கு பாரு. நடுவுல நீலம், சுத்தி வெளுப்பு, வெளியே சிவப்பு. ஒரே ஒரு இடம், அதுவும் சொட்டு ஈரம் இல்லாம. வேற எங்கயும் ஒரு தடம்கூட இல்ல."

"அப்படின்னா?"

"முப்பது வருஷத்துல நிஜமான பிடில் சிலந்திக் கடின்னு அடிச்சுச் சொல்ற மாதிரி நான் பார்த்தது பத்துகூட இருக்காது. இது அதுல ஒண்ணு."

"வேர்வை, நடுக்கம்..."

"எல்லாம் அந்த விஷத்தோட வேலை."

ஷானா பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். "அப்பாடா," என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். "நல்ல வேளை! சிலந்தி!"

"விஷப்பூச்சி கடிச்சதுக்கு இவ்வளவு சந்தோஷப்படற அக்காவை இப்பதான் பார்க்கறேன்," என்றார் டாக்டர்.

தினமும் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். கையை உயர்த்தி வைக்க வேண்டும். கீறிவிடக் கூடாது. கறுப்பு பரவினாலோ, சிறுநீர் கறுத்துப் போனாலோ உடனே வர வேண்டும். அநேகமாகத் தானே ஆறிவிடும், தழும்பு மட்டும் நிற்கும். இவ்வளவையும் சொல்லிவிட்டு டெட்டனஸ் ஊசி ஒன்று போட்டார். ஊசி இறங்கும்போது கோல்பி முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

வண்டியில் வெகுநேரம் ஷானாதான் பேசினாள். கீழறையில் அட்டைப்பெட்டி ஒன்றுகூட இருக்கக் கூடாது. சுவர் ஓரமெல்லாம் ஒட்டுப்பொறி வைக்க வேண்டும். கட்டிலைச் சுவரிலிருந்து தள்ளிப் போட வேண்டும். மத்தியானத்துக்கு அவனுக்குப் பிடித்த மெத்தென்ற பிஸ்கட் ரொட்டியும் கிரேவியும் செய்யப்போகிறாள்.

வளைவு தாண்டியதும் குரல் தணிந்தது.

"நம்பாம போயிட்டேன்டா. மன்னிச்சுக்க."

"விடுக்கா. போன தடவை பொய் சொன்னது நான்தானே."

"இல்ல, இது என் தப்பு. என்ன வேணும் சொல்லு, செய்யறேன்."

கோல்பி பட்டாணிப் பையைத் திருப்பி வைத்துக்கொண்டான். பிறகு சொன்னான்:

"உன் முதுகு ஆபரேஷனுக்குக் கொடுத்த வலி மாத்திரையை எனக்குத் தெரியாம மாவு டப்பாவுல ஒளிச்சு வச்சிருக்கியே, அதை மட்டும் வேற எங்கயாவது மாத்திடுக்கா. மூணு ராத்திரி அதுக்கு எதிர்ல உட்கார்ந்து பார்த்துட்டேன், நாலாவது ராத்திரிக்கு என்னை நானே நம்பல."