மீன் வாங்கப் போனவன்

"இன்னும் கிட்ட வா. இடுப்புல கையை வை. உன் பொண்டாட்டி இங்கெல்லாம் வரமாட்டா, பயப்படாதே" என்றாள் ருஃபீனா.

எவேலியோ கடற்கரையை ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டான். மனைவி நூபியாவைக் காணோம். விடுதியில் தூங்கிக்கொண்டிருப்பாள். தைரியம் வந்து கையை வைத்தான். வைத்த வேகத்தில் ருஃபீனாவின் காலையும் மிதித்தான்.

"ஐயோ, என் பெருவிரல்! கையை வைக்கத்தானே சொன்னேன், காலையா வைக்கச் சொன்னேன்?"

அடுப்பில் மீன் பொரித்துக்கொண்டிருந்த அவள் புருஷன் ஓர்லின் கரண்டியோடு திரும்பிச் சிரித்தான். "பாத்து மிதி தம்பி. இப்படியே போனா நாளைக்கு உனக்கு ஆட்டம் சொல்லிக் குடுக்க அவளுக்குக் கால் இருக்காது."

இந்தக் கடைக்கு எவேலியோ முதலில் வந்தது மீனுக்காகத்தான். மேலே ஓலை, கீழே பசிபிக் கடலின் சாம்பல் நிற மணல், மூலையில் மழையில் நனைந்து நனைந்து தொண்டை கட்டிப்போன ஒரு ஒலிபெருக்கி. பொரித்த மீனுக்கும் தேங்காய்ச் சோற்றுக்கும் காத்திருந்தவர்கள் எல்லோரும் சும்மா நிற்கவில்லை, சல்சா ஆடிக்கொண்டே காத்திருந்தார்கள். யாரும் யாரையும் எடைபோடவில்லை. இங்கே கற்றுக்கொண்டால் என்ன என்று அவனுக்குத் தோன்றியது.

அன்றிலிருந்து மதியமானால் "மீன் வாங்கிட்டு வந்துடறேன்" என்று நூபியாவிடம் சொல்லிவிட்டுக் கிளம்பிவிடுவான்.

அவன் ஊருக்குப் பெயர் ‘காலி’, சல்சாவுக்குப் பேர்போன நகரம். அங்கே குழந்தைகள் நடை பழகுவதற்கு முன்பே சல்சா பழகிவிடும். அப்படிப்பட்ட ஊரில் எவேலியோவுக்கு மட்டும் தாளம் ஒரு பக்கம், கால் ஒரு பக்கம். சர்க்கரை ஆலையில் வேலை. அது உண்டு, அவன் உண்டு.

நூபியாவோ மேடையில் ஆடுகிறவள். மேடை இல்லாத நாட்களில் மற்றவர்களுக்குக் கற்றுத் தருவாள். ரொட்டிக் கடைக்குப் போனால்கூட, "நூபியா, ஒரே ஒரு பாட்டு" என்று கை நீட்டாத ஆண் அந்தத் தெருவில் கிடையாது. விருந்துகளில் அவள் ஆடப் போனதும், கூட இருக்கும் பெண்களெல்லாம் கைப்பைகளை எவேலியோவின் மடியில் போட்டுவிட்டுப் போவார்கள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் பெண்டாட்டியை அவன் ஒருதரம்கூட ஆட அழைத்ததில்லை.

அதெல்லாம் பழகிப்போயிருந்தது, மேடையில் அவளோடு ஆடப் புது ஜோடியாக வில்மர் வந்து சேரும்வரை. நெடுநெடுவென்று உயரம். சிரித்தால் மேடைக்கு விளக்கு வேண்டாம். இப்போதெல்லாம் ஒத்திகை முடிந்து வரும் நூபியா வாயே திறப்பதில்லை. உப்பு போட்ட வெந்நீரில் காலை வைத்துக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வாள். மூடிய கண்ணுக்குள் வில்மர்தான் ஆடிக்கொண்டிருக்கிறான் என்று எவேலியோ முடிவே கட்டிவிட்டான்.

விடுமுறைக்கு இங்கே வந்தபோதும், பாட்டுச் சத்தம் எட்டாத கடைக்கோடி விடுதியைத்தான் அவள் கேட்டு வாங்கினாள். ஆடத் தெரியாத புருஷனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பாட்டு கேட்பது அவளுக்கு எவ்வளவு வலித்திருக்கும்!

"அவ என்னை விட்டுப் போயிடுவாளோன்னு பயமா இருக்குக்கா."

"அதை அப்புறமா உக்காந்து அழு. இப்ப தோளை இறக்கு. சர்க்கரை மூட்டை தூக்கறவன் மாதிரி நிக்கிறியே!" என்றாள் ருஃபீனா.

ஊருக்குத் திரும்புவதற்கு முந்தின சாயங்காலம், மழை விட்டதும், நூபியாவைக் கூட்டிக்கொண்டு வந்தான்.

ஒலிபெருக்கியைப் பார்த்ததும் அவள் நடை தயங்கியது. "மீன் கடைன்னுதானே சொன்னே?"

"மீனும் இருக்கு."

ஓர்லின் பாட்டைப் போட்டான். எவேலியோ செருப்பை உதறினான். வியர்த்த உள்ளங்கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு அவளிடம் நீட்டினான். "நூபியா... என்கூட ஆடறியா?"

அவள் முகம் வெளுத்துப்போனது. "யாரு... நீயா?"

"நானேதான்."

முதல் சுற்றில் தடுமாறினான். அடுத்ததில் சமாளித்தான். அதற்குப் பிறகு பாட்டே அவனைத் தூக்கிக்கொண்டு போனது. அவளைச் சுழற்றிவிட்டான், பிடித்தான், மறுபடியும் சுழற்றினான். ருஃபீனா சட்டியை எடுத்துத் தாளம் தட்டினாள். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் தட்டைக் கீழே வைத்துவிட்டுக் கைதட்டினார்கள். ஒரு காலையும் மிதிக்கவில்லை!

பாட்டு நின்றது. நூபியா அப்படியே மணலில் உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டாள். தோள்கள் குலுங்கின.

"பாரு, சந்தோஷம் தாங்கல அவளுக்கு" என்று ருஃபீனா தன் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

எவேலியோ மூச்சு வாங்க மனைவியின் எதிரே மண்டியிட்டான். "இனிமே தினம் ஆடலாம் நூபியா. காலையில, சாயங்காலம், சமையல்கட்டுல, மொட்டை மாடியில, நீ எங்க சொல்றியோ அங்க. உனக்கு எவனும் வேண்டாம், நான் இருக்கேன்."

நூபியா கையை விலக்கினாள். சிரிக்கிறாளா, அழுகிறாளா என்று தெரியவில்லை.

"அடப்பாவி மனுஷா, ஊர்லயே என்னை ஆடக் கூப்பிடாத ஒரே ஆம்பளைன்னுதானே உன்னைக் கட்டிக்கிட்டேன்!"