பூட்டிக் கிடந்த போர்ஷன்

"வூட்ல கைக்கொழந்த எதுனா கீதா?" என்று கேட்டாள் ஃப்ளோரன்ஸ் அம்மாள்.

வாடகைக்கு இடம் கேட்டு வந்த ராசையா சந்தோஷமாகத் தலையை ஆட்டினான். குழந்தை என்றதும் அவள் மனம் இளகும் என்று நினைத்தான்.

"ரெண்டு மாசம்மா. பொம்பளப் பிள்ள."

"அப்போ நிச்சயமா இல்ல. போய்ட்டு வா, நைனா."

கதவைச் சாத்திவிட்டாள்.

ராயபுரத்தில் அந்த வீட்டின் முன்பக்கத்து இரண்டு அறைகளும் பூட்டிக் கிடப்பது தெருவுக்கே தெரியும். ஃப்ளோரன்ஸ் அம்மாளின் கணவர் ரயில்வேயில் கார்டாக இருந்து காலமானவர். பிள்ளைகள் இல்லை. அந்த அறைகளின் வாடகையில்தான் அவள் காலம் ஓடியது. அப்படியிருந்தும் இரண்டு மாதமாக யார் வந்து கேட்டாலும் இல்லை என்ற ஒரே பதில்தான். ஏன் என்று கேட்டால் வாயைத் திறக்கமாட்டாள்.

ராசையாவுக்குச் சாத்தான்குளம் பக்கம். துறைமுகத்தில் குமாஸ்தா வேலை கிடைத்துப் பட்டணம் வந்து நாலு மாதம் ஆகியிருந்தது. வீடு பார்த்துவிட்டுக் கடிதம் போடுகிறேன் என்று அவன் எழுதியதைப் பொருட்படுத்தாமல், மாமனார் அவன் மனைவி தேவகிருபையையும் குழந்தையையும் ரயிலேற்றிக் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போய்விட்டார்.

ஊர்க்காரர் மாசானம் தம் மளிகைக் கடையின் பின்கட்டில் இடம் கொடுத்தார். நல்ல மனுஷர்தான். ஆனால் சுற்றிலும் மிளகாய் வத்தல் மூட்டைகள். அந்த நெடியில் குழந்தை தும்மித் தும்மி முகம் சிவந்து போகும். தேவகிருபை ஈரப் புடவையைத் திரையாகக் கட்டிப் பார்த்தாள். பலனில்லை. நாளாக நாளாகக் குழந்தை பால் குடிப்பதே குறைந்தது.

யுத்தம் முடிந்து நாலு வருஷமாகியும் பட்டணத்தில் வீடு குதிரைக் கொம்பாகத்தான் இருந்தது. காலடிப்பேட்டையில் ஒருவர் முதலில் ஜாதியைக் கேட்டார். காசிமேட்டில் பன்னிரண்டு குடித்தனத்துக்கு ஒரே குழாய். தண்டையார்பேட்டையில் கேட்ட முன்பணத்துக்கு ஊரில் ஒரு வீட்டையே வாங்கிப் போடலாம்.

அலைந்து அலுத்தபின் ராசையா மறுபடி ஃப்ளோரன்ஸ் அம்மாள் வீட்டுக்கே போனான். இந்த முறை தேவகிருபை குழந்தையோடு கூட வந்தாள். நேரில் பார்த்தால் எந்தப் பெண்ணுக்கும் இரக்கம் வரும் என்பது அவள் கணக்கு.

ஃப்ளோரன்ஸ் அம்மாள் கதவைத் திறந்தாள். குழந்தையைத் தொடக் கையை நீட்டியவள், சட்டென்று இழுத்துக்கொண்டாள்.

"கொழந்தய வெச்சிகினு இங்க நிக்காதம்மா. மொதல்ல கீழ எறங்கு."

தேவகிருபை வழியெல்லாம் அழுதுகொண்டே வந்தாள். தான் என்ன தீண்டத்தகாதவளா என்று கேட்டாள். விஷயத்தைக் கேட்ட மாசானத்துக்கு முகம் கறுத்துவிட்டது.

"வீட்டச் சும்மா பூட்டி வைக்கக் கூடாதுன்னு சட்டமே இருக்குலே. ரெண்ட் கண்ட்ரோல் ஆபீசுக்கு எழுதிப் போடு" என்றார்.

ராசையா எழுதிப் போட்டான்.

விசாரணைக்கு ஃப்ளோரன்ஸ் அம்மாள் வெளுத்த குடை ஒன்றோடு வந்து நின்றாள். ஏன் வாடகைக்கு விடவில்லை என்று அதிகாரி மூன்று தடவை கேட்டார். இஷ்டமில்லை என்று மட்டும் சொன்னாள். குடியிருக்க இடமில்லாமல் ஜனங்கள் தவிக்கும்போது இப்படி ஒரு கல்நெஞ்சா என்று அதிகாரி எல்லார் முன்னிலையிலும் சத்தம் போட்டார். பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அபராதம் விதித்தார். போர்ஷனை ராசையாவுக்கு விடும்படி உத்தரவும் போட்டார். அவள் தலையைக் குனிந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனாள்.

ராசையாவுக்கு அன்று நெஞ்சு நிறைந்திருந்தது.

மறுநாள் காலையில் உத்தரவுக் காகிதத்தோடு போய்ச் சாவியைக் கேட்டான். ஃப்ளோரன்ஸ் அம்மாள் தெருவை இரண்டு பக்கமும் பார்த்தாள்.

"உள்ள வா. கதவ சாத்து."

சாத்தினான். அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"இந்த ரூம்ல ஆறு வருசம் குடியிருந்தான் தாமஸ். இங்கயேதான் செத்தான். மாரடைப்புன்னு தெருவுல சொல்லி வெச்சிக்கீறோம். டி.பி. நைனா. ரத்தம் ரத்தமா கக்கினான். சொவத்த சொரண்டி சுண்ணாம்பு அடி, ஆறு மாசம் யாரையும் வெக்காத, கைக்கொழந்தைங்கள கிட்டக்கூட விடாதன்னாரு டாக்டரு. உன் கையில காயிதம் கீது. அதுக்கு மேல உன் இஷ்டம்."

ராசையா காகிதத்தை மடித்தான்.

"இத அன்னைக்கே எங்கிட்டச் சொல்லியிருக்கலாமேம்மா. ஆபீசர்கிட்டயாவது சொல்லியிருந்தா அபராதமும் இல்ல, அவமானமும் இல்ல."

"சொல்லலாம். சொன்னா தாமஸ் பொண்டாட்டிக்கு இந்தப் பட்டணத்துல எவன் எடம் குடுப்பான்? அவளும் ரெண்டு பொண்ணுங்கள இட்டுகினு தெருத் தெருவா வூடுதான் தேடிகினு கீறா."