மேலே எந்த ஊர்

பேராதனையை மேலே போடாதே என்று சின்னத்தம்பி மறுபடியும் சொன்னார்.

ஹட்டன் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, டினேஷின் கொமினிகேஷன் கடை. பேத்தி சுலக்ஷனா கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். இஞ்சினியரிங் படிக்க எந்தெந்தக் கெம்பஸ் வேண்டும் என்று வரிசையாகப் போட்டு அனுப்ப இன்றுதான் கடைசி நாள். அனுப்பிவிட்டால் மாற்ற முடியாது.

லிந்துலைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து அவரும் கூடவே வந்திருந்தார். கம்ப்யூட்டரை நம்பி வரவில்லை. நம்பாததால்தான் வந்தார்.

ஒரு கெம்பஸுக்குப் போகிறவள் எதற்கு இத்தனை ஊரை எழுத வேண்டும் என்பதே அவருக்கு விளங்கவில்லை. மேலே இருப்பதைத்தான் முதலில் பார்ப்பார்கள், பரீட்சைப் புள்ளி போதாவிட்டால் அடுத்ததுக்கு இறங்குவார்கள் என்று அவள் விளக்கினாள். அதிலும் அவருக்குச் சந்தேகம். தோட்டத்தில் வீடு கொடுத்தபோதும் இப்படித்தான் விருப்பம் கேட்டார்கள். கேட்டது ரோட்டோரம், கிடைத்தது மண் சரிகிற மேடு.

யாழ்ப்பாணத்தை மேலே போடச் சொன்னார். இல்லாவிட்டால் ஒலுவில். இரண்டையும் அவர் கண்ணால் கண்டதில்லை.

டினேஷுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. டியூஷனுக்குக்கூடப் பேத்தியைத் தனியாக ஹட்டனுக்கு அனுப்பாமல், வகுப்பு முடியும்வரை குடையோடு வாசலில் நின்ற மனிதர் இவர்.

"எல்லாரும் புள்ளைய கிட்டத்துல வச்சுக்கத்தான் பாப்பாங்க. நீங்க என்னா தாத்தா, கடல்பக்கம் தள்ளுறீங்க?"

"நீ போட்டோ கொப்பி அடிக்கிற வேலைய பாரு தம்பி."

பேராதனையில் ஓயாத மழை என்றார். லிந்துலையில் பெய்யாத மழையா என்றாள் சுலக்ஷனா. குரங்குத் தொல்லை என்றார். நம் லயத்து வீட்டுக் கூரையில் குதிப்பது என்னவாம் என்றாள். அவருக்கு அதற்கு மேல் காரணம் கிடைக்கவில்லை. கிடைத்த ஒன்று வாயில் வரவில்லை.

ஊர்களை வரிசையாகப் போடுவது அவருக்குத் தெரியாததல்ல. தோட்டத்தில் யாருக்காவது உடம்புக்கு முடியாவிட்டால் முதலில் டிஸ்பென்சரி. அங்கே கேட்காவிட்டால் நுவரெலியா. அங்கேயும் முடியாவிட்டால் பேராதனை பெரியாஸ்பத்திரிக்கு எழுதுவார்கள். பேராதனைக்கு எழுதிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டால் லயம் முழுவதும் டீவி சத்தத்தைக் குறைத்துவிடும்.

அவருக்குத் தெரிந்த வரிசையில் பேராதனை கடைசி.

டினேஷ் மணியைப் பார்த்தான். வெளியே தலவாக்கலை பஸ்காரன் ஆள் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். சுலக்ஷனா அசையவில்லை. படிக்கிற விஷயத்தில் இந்தப் பிள்ளை ஒருநாளும் அவரை எதிர்த்துப் பேசியதில்லை. இந்த ஒரு ஊரில் மட்டும் ஏன் இப்படிக் காலை ஊன்றி நிற்கிறாள் என்று அவருக்குப் புரியவே இல்லை.

கடைசியில் அவள் காதருகே குனிந்தார்.

"புள்ள, அது உங்கம்மாவ கொண்டுபோன ஊரு."

மகள் நாகலெட்சுமியின் பெயரை அவர் சொல்லவில்லை. அவளை வேனில் கொண்டுபோனபோது சுலக்ஷனா அப்போதுதான் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியிருந்தாள். திரும்பி வரும்போது அவர் முன்சீட்டில், பிள்ளை அவர் மடியில், மகள் பின்னால். பிள்ளைக்கு அதெல்லாம் நினைவிருக்காது என்றுதான் இத்தனை காலமும் நம்பியிருந்தார்.

சுலக்ஷனா கீபோர்டிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"தெரியும் தாத்தா. வர்றப்போ கெம்பஸ் ரோட்டோரமா வேன நிப்பாட்டினாங்க. ஒரு அக்கா முதுகுல நீட்டமா ஒரு குழாய மாட்டிக்கிட்டு போனாங்க. என்னான்னு கேட்டேன். பாலம் கட்டுறதுக்குப் படம் வரைஞ்சு அதுக்குள்ள வச்சிருக்காங்க, அழாத, நீயும் பெரியவளாகி இங்க வந்து வரையலாம்னு நீங்கதான் சொன்னீங்க."

அப்படி எதையும் சொன்னதாகச் சின்னத்தம்பிக்கு நினைவில்லை.

அந்த நாளிலிருந்து அவரிடம் மிஞ்சியிருந்தது வெள்ளைத் துணி, டீசல் வாடை, வழியெல்லாம் அழுதுகொண்டு வந்த பிள்ளை ஓரிடத்தில் சட்டென்று வாயை மூடிக்கொண்டது. அவ்வளவுதான். தூங்கிவிட்டாள் என்று நினைத்திருந்தார்.

அனுப்பவா என்று டினேஷ் கேட்டான். இப்போது அவன் சிரிக்கவில்லை.

மேலே இருப்பதை ஒருதடவை சத்தமாக வாசிக்கச் சொன்னார். வாசித்தான். அந்த ஊரின் பெயரைக் கேட்டுச் சரியென்று தலையை ஆட்டினார்.

பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகும் அவர் நினைப்பில் அந்தப் பேராதனை ரோட்டோரத்திலேயே நின்றுகொண்டிருந்தார். போகிற வருகிற பெண்களை எல்லாம் பார்த்தார். குழாய் மாட்டிய ஒருத்தியை மட்டும் காணவில்லை.