பார்க்காத போட்டோ

குறைமாதக் குழந்தைகளின் வார்டில், இதயத்துடிப்பைக் காட்டும் திரைகள் எல்லாம் இருண்டு கிடக்கின்றன. முகம் தெரியாத திருடர்கள் ஆஸ்பத்திரிக் கம்ப்யூட்டர்கள் அத்தனையையும் காலையில் முடக்கிவிட்டார்கள். அவர்களை உள்ளே விட்ட மெயிலைத் திறந்தது இந்த வார்டு சிஸ்டர்தான் என்று கண்டுபிடித்துவிட்ட கம்ப்யூட்டர்காரர், நறுக்கென்று நாலு வார்த்தை கேட்டுவிடும் வேகத்தில் வந்து நிற்கிறார். ஜன்னல் வெயில் கண்ணாடித் தொட்டிலின் மேல் சாய்ந்திருக்கிறது. சிஸ்டர் அதற்குள் கையை விட்டு, உள்ளங்கையளவு நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்து, உதடு அசையத் துடிப்பை எண்ணுகிறாள். அவள் எண்ணி முடிக்கும்வரை அவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்.

“கண்ட மெயிலையும் திறக்காதீங்கன்னு எத்தனை வாட்டி சொன்னேன் சிஸ்டர்?” நினைத்த அளவுக்குக் குரல் ஏறவில்லை.

“தெரிஞ்ச அம்மாதான் சார். அவங்க பையன் போன வருஷம் இதே தொட்டில்லதான் கிடந்தான். ‘உங்க பிள்ளை நடக்க ஆரம்பிச்சிட்டான், போட்டோ பாருங்க’ன்னு எழுதியிருந்தாங்க.”

“அவங்க அனுப்பல சிஸ்டர். அவங்க மெயிலுக்குள்ள புகுந்து, அவங்க பேர்ல திருடனுங்க அனுப்பினது. அதுல போட்டோவே கிடையாது.”

அவள் கண்கள் நிரம்புகின்றன. குழந்தையின் நெஞ்சிலிருக்கும் கை மட்டும் அசையவில்லை.

“அப்போ,” என்கிறாள் மெதுவாக, “அவன் இன்னும் நடக்கலையா சார்?”