மடியில் இரண்டு பைகள்

டவுன் பஸ்ஸில் நிற்கிறவர்கள் தங்கள் பையை உட்கார்ந்திருப்பவர் மடியில் வைத்துவிடுவது வழக்கம். ஏழு மாதமாக மாதேஷின் மடி கோகிலாவின் பைக்குத்தான். பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் இருவரும் காதலிக்கிறார்கள் என்பது கண்டக்டருக்குக்கூடத் தெரியும். அன்று சாயங்காலம் நல்ல கூட்டம். வகுப்பில் புதிதாகச் சேர்ந்த ஆல்வின், "டேய், இதையும் புடிடா" என்று தன் பையை அவள் பையின்மேல் வைத்துவிட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டான். அவனுடைய முதுகுச் சூடு இன்னும் பையில் இருந்தது. அது கையில் பட்டதும் மாதேஷின் நெஞ்சு அடித்துக்கொண்டது. கோகிலாவின் பையைப் பிடித்தபோது ஒருநாளாவது இப்படி இருந்ததா? ஏழு மாதத்தையும் நாள் நாளாகத் தேடிப் பார்த்தான். பயமாக இருந்தது.

பாலம் ஸ்டாப் வந்ததும் கோகிலா பையைக் கேட்டாள். அது அவன் மடியில் இல்லை. எப்போதோ நழுவிக் காலடியில் கிடந்தது. அவளே குனிந்து எடுத்து மண்ணைத் தட்டினாள். ஆல்வினின் பையை மாதேஷ் இரண்டு கைகளாலும் அணைத்துப் பிடித்திருப்பதைப் பார்த்தாள்.

"அதுல என்னடா, கண்ணாடிச் சாமானா இருக்கு?"

சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். அவன் தலை நிமிரவில்லை. அவள் சிரிப்பு பாதியில் நின்றது.

மறுநாளும் அவன் சீட்டுக்குப் பக்கத்தில்தான் வந்து நின்றாள். அவன் கையை நீட்டினான்.

"வேணாம். இன்னைக்குக் கனமே இல்ல."

பையின் வார் அவள் தோளில் ஆழமாகப் பதிந்திருந்தது. நீட்டிய கையை எங்கே வைத்துக்கொள்வது என்று அவனுக்குத் தெரியவில்லை.