மின்விசிறி திரும்பும் பக்கம்

நெய்வேலியில் நூலகர் மாநாடு, தேநீர் இடைவேளை. பர்மனென்ட் ஆனவர்களின் கழுத்தில் வெள்ளைப் பெயரட்டை, கான்ட்ராக்ட்காரர்களுக்கு மஞ்சள். மந்தாரக்குப்பத்துப் பள்ளி நூலகர் ரெஜினா தன் மஞ்சள் அட்டையின் வெறும் வெள்ளைப் பின்பக்கம் வெளியே தெரியும்படி திருப்பிப் போட்டுக்கொண்டு, இப்போதுதான் அறிமுகமான மூன்று இளம் நூலகர்களோடு நிற்கிறாள். யார் கழுத்தையும் பார்க்கத் துணியவில்லை. “நீங்க பர்மனென்ட்டுங்களா?” என்கிறான் அவர்களில் ஒருவனான செங்குட்டுவன். “ஆமாங்க. நீங்க?” “நானுந்தாங்க.” மற்ற இருவரும் அவசரமாகத் தலையாட்டுகிறார்கள். குடிக்காத தேநீரில் ஆடை படிகிறது. மூலையில் நிற்கும் பெரிய மின்விசிறி கடகடத்தபடி இந்தப் பக்கம் தலையைத் திருப்புகிறது. சன்னல் திரை எழும்புகிறது, மேசைவிரிப்பு படபடக்கிறது, இதோ காற்று வந்துவிடும். ரெஜினா சட்டென்று அட்டையை நெஞ்சோடு அழுத்திப் பிடிக்கிறாள். பிடித்த பிறகுதான் நிமிர்ந்து பார்க்கிறாள். எதிரே மூன்று பேரின் கைகளும் நெஞ்சின் மேல் இருக்கின்றன.