பதினோராவது புகார்

"பச்சை விளக்கு தேவைக்கு மேல் பச்சையாக இருக்கிறது."

விஷ்ணுப்ரியா கடிதத்தை இரண்டு தரம் படித்தாள். கீழே அதே கையெழுத்து: சுசீலாபாய், ஆவண அறைப் பொறுப்பாளர்.

"எந்தா இது? பச்சை லைட்டு பச்சையா இல்லாம ஊதாவாவா இருக்கும்?" ஜிஜி தலையில் அடித்துக்கொண்டாள். "அந்த சேச்சிக்கு நம்ம மேல என்ன விரோதம்?"

கல்லூரியில் சேர்ந்து படித்த இருவருக்கும், பல்கலைக்கழகத்துத் தொழில்முனைவோர் மையம் ஒரு மேஜையும் ஒரு வருஷமும் கொடுத்திருந்தது. அவர்கள் செய்தது ஒரு சின்னப் பெட்டி. தஸ்தாவேஜுகள் வைத்திருக்கும் அறையில் ஈரம் கூடினால் கூவும். முதலில் அதை மாட்டியது சுசீலாபாயின் அரசு அலுவலகத்தில்தான். திருவனந்தபுரத்து மழையில் காகிதம் என்ன பாடுபடும் என்று அந்த ஊர் வலியசாலைத் தெருவில் பிறந்த விஷ்ணுப்ரியாவுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஓர் அரசு அலுவலகம் அந்தப் பெட்டியை ஒரு வருஷம் உபயோகித்தது என்று மையத்தின் குழு ஒப்புக்கொண்டால் போதும். மற்ற அலுவலகங்களும் டெண்டர் இல்லாமலே வாங்கலாம். ஒப்புக்கொள்ளாவிட்டால் மேஜையைக் காலி செய்ய வேண்டும். வேலைக்குக் கூப்பிட்டிருந்த பெங்களூர்க் கம்பெனி ஒன்று விஷ்ணுப்ரியாவின் பதிலுக்குத் திங்கட்கிழமை வரை தவணை கொடுத்திருந்தது.

வெள்ளிக்கிழமை குழு கூடுகிறது. கையில் இருப்பதோ பதினோரு புகார்.

"சத்தம் காதைத் துளைக்கிறது." குறைத்தார்கள்.

"கரண்ட் போய் வந்தால் தேதி தப்பாகக் காட்டுகிறது." திருத்தினார்கள்.

"உள்ளே பல்லி முட்டை இட்டிருக்கிறது." வலை வைத்து அடைத்தார்கள்.

ஒவ்வொரு தடவையும் பழவங்காடி நெரிசலில் ஸ்கூட்டரை நுழைத்துக்கொண்டு ஓடுவார்கள். 'குறை தீர்ந்தது' என்று அந்த அம்மாளிடமே கையெழுத்து வாங்கி வருவார்கள். மாசம் திரும்புவதற்குள் அடுத்த புகார் புறப்பட்டுவிடும்.

வியாழக்கிழமை நேரில் போய்க் கெஞ்சிப் பார்த்தார்கள்.

"மேடம், ஒரே ஒரு வரி. 'திருப்தி'ன்னு எழுதிக் குடுத்தேள்னா போறும்."

சுசீலாபாய் பாறசாலைக்காரி. தமிழும் மலையாளமும் அவள் வாயில் கைகோத்துக்கொண்டுதான் வரும். கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தாள்.

"திருப்தின்னா எதுக்கு மோளே லெட்டர்? பச்சை லைட்டைச் சரியாக்கிட்டியளா?"

"மேல ஒரு ஸ்டிக்கர் ஒட்டியாச்சு."

"அப்போ தீர்ந்ததுன்னு கையெழுத்துப் போட்டுத் தாரேன். வேற ஒண்ணும் எழுத மாட்டேன்."

படியிறங்கும்போது ஜிஜி பொருமினாள். "மனுஷியா அது? கல்லு!"

விஷ்ணுப்ரியா ஸ்கூட்டர் சாவியைத் தேடி எடுத்தாள். பிறகு, "பெங்களூர்ல ரொம்பக் குளிருமோடி?" என்று கேட்டாள்.

மறுநாள் குழுவின் முன்னால் மூன்று கோப்புகள் இருந்தன. மற்ற இரண்டு கம்பெனிகளும் பாராட்டுக் கடிதங்களை லேமினேட் பண்ணியே கொண்டுவந்திருந்தன.

குழுத் தலைவர் சுந்தரராமன் இவர்கள் கோப்பைப் புரட்டினார். "பதினோரு புகாரா?"

"ஆமா சார்." 'குறை தீர்ந்தது' கையெழுத்துகளை விஷ்ணுப்ரியா சுட்டிக் காட்டினாள்.

பல்லிக் கடிதத்தை அவர் உரக்கப் படித்தார். எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. ஒவ்வொரு கடிதத்தின் தேதியையும் பென்சிலால் சுழித்துக்கொண்டே வந்தார்.

"மத்த ரெண்டு பொருளுக்கும் பிரமாதமான கடிதம் இருக்கு. நேத்து அந்த ஆபீஸ்களுக்குப் போன் பண்ணினேன். ஒண்ணு பீரோவுக்குள்ள இருக்காம். இன்னொண்ணை அட்டைப் பெட்டியிலேர்ந்து பிரிக்கவே இல்லையாம். வருஷம் பூரா சுவத்துல இருந்தது உங்க பெட்டி ஒண்ணுதான்."

கையெழுத்துப் போட்டுக் கோப்பை நீட்டினார்.

"வா, அந்த சேச்சியோட மூஞ்சியைப் பார்த்தே ஆகணும்" என்றாள் ஜிஜி. வழியில் லட்டு வாங்கிக்கொண்டார்கள்.

ஆவண அறையில் சுசீலாபாய் எதையோ எழுதிக்கொண்டிருந்தாள்.

"மேடம், பாஸ் பண்ணிட்டோம். எல்லாம் உங்க புகாரோட புண்ணியம்!" விஷ்ணுப்ரியாவின் குரலில் குத்தல் இருந்தது.

சுசீலாபாய் எழுதிக்கொண்டிருந்த தாளை மெதுவாக நாலாக மடித்துக் கிழித்தாள். "அப்போ பன்னெண்டாவது வேண்டாம்."

ஒரு லட்டை எடுத்துக்கொண்டாள்.

"மாட்டின முதல் வாரமே ஆபீசர் பெட்டியைக் கழற்றி பீரோவுல வைக்கச் சொன்னாரு. அந்தப் பிளக்குல அவருக்கு டீ கெட்டில் சொருகணுமாம். போன மழையில எத்தனை பேரோட பத்திரம் இங்க பூஞ்சை பிடிச்சுப் போச்சுன்னு எனக்குத்தானே தெரியும்? புகார் தீராம சாமானைக் கழற்றக்கூடாதுன்னு எங்க ஆபீஸ்ல ஒரு ரூல் உண்டு. அன்னைக்கே ஒரு புகார் எழுதிட்டேன். இனி இது பாஸான சாமான், அவரு தொட மாட்டாரு."

ஜிஜி நிமிர்ந்து சுவரில் இருந்த பெட்டியைப் பார்த்தாள்.

"உங்களுக்கானா ஒரு புகாரை ஒழுங்கா இழுத்தடிக்கத் தெரியுமா? ஓடி வந்து சரியாக்கிருவிய! கெட்டில் திரும்பி வாரதுக்குள்ள புதுசா ஒரு குத்தம் கண்டுபிடிக்க இந்த ஒரு வருஷமா நான் பட்ட பாடு!"